மாரியில் செத்தலுக்கு நிறை கூடும்

எனக்கு ஊர் கிண்ணியா, பிழைப்பு திருகோணமலை அன்புவழிபுரத்தில். என் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். சாமான் கட்டும்போது அக்காமார் யாராவது கேட்பார்கள்: "நானா, நாளுக்கு அஞ்சு தரம் தொழப் போனா யாவாரத்த எப்பப் பாக்கிற?"

மணிக்கூட்டைப் பார்த்தால் இந்தக் கேள்வியில் பாதி கழிந்துவிடும். ஸுபஹ் தொழுகை விடியுமுன் முடிந்துவிடுகிறது. இஷா கடை பூட்டும் நேரத்தை ஒட்டி வருகிறது. கடை நேரத்துக்குள் விழுவது நண்பகல் லுஹர், பிற்பகல் அஸர், அந்தி மஃரிப் மூன்றும்தான். வுழூச் செய்து, அதாவது கை கால் முகம் கழுவி, தொழ ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போதும். சீனி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆத் தொழுகைக்கு ஜமாலியாவில் உள்ள பள்ளிவாசலுக்குப் போகவேண்டும். பன்னிரண்டு மணிக்கு அடைத்தால் ஒன்றரைக்குத் திறந்துவிடுவேன்.

வெள்ளி எங்களுக்கு முழு ஓய்வு நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குர்ஆனின் 62ஆம் அத்தியாயம் ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் கலைந்து போய்ச் சம்பாத்தியத்தைத் தேடச் சொல்வதும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது; அப்போதும் இறைவனை நிறைய நினைக்கவேண்டும் என்கிறது. இதை ஒட்டி ஒரு நிகழ்ச்சியும் உண்டு. மதீனாவில் நபிகள் நாயகம் குத்பாப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது உணவுப் பண்டங்களோடு ஒரு வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்தது. பள்ளியில் இருந்தவர்கள் அதை நோக்கி எழுந்து போக, பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர்களுக்கே அந்தச் சோதனை வந்தது என்றால், வெள்ளி பதினொன்றரைக்குச் சாமான் லொறி வந்து நிற்கும்போது என் மனம் ஆடுவதில் என்ன அதிசயம்?

ஹன்ழலா என்ற நபித்தோழரின் கவலை எனக்கு இன்னும் நெருக்கமானது. நபியின் பக்கத்தில் இருக்கும்போது சொர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பதுபோல் இருக்கிறது, வீட்டுக்கும் தொழிலுக்கும் திரும்பினால் எல்லாம் மறந்துபோகிறது, நான் நயவஞ்சகன் ஆகிவிட்டேனோ என்று அவர் கலங்கிப் போய் நின்றார். எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகளே, வானவர்களே, வந்து உங்களுக்குக் கைகொடுப்பார்கள், ஆனால் மனிதனுக்கு அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் தேற்றினார்கள். கடை, குடும்பம், கடன் கொப்பி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் பள்ளியில் போய்க் கிடப்பதுதான் உயர்ந்த பக்தி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வரும். வீட்டில் உலை வைக்க வழி செய்யாமல் நாற்பது நாள் மார்க்கப் பயணமாக ஜமாஅத்தில் கிளம்புகிறவரை நான் மெச்சமாட்டேன்.

முதலாளிக்கு நேரம் அவன் கையில். கூலிக்கு நிற்பவனுக்கு? முன்பு என்னிடம் ஒரு தம்பி வேலைக்கு நின்றார், நல்ல பிள்ளை. லுஹர் தொழுதபின் தஸ்பீஹ் மணியோடு அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுவார். முன்னால் ஆட்கள் காத்து நிற்பார்கள். மார்க்கச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. நாள் கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ அமர்ந்தவர் கடமையான தொழுகையைத் தொழலாம். அதை முதலாளி தடுக்கக்கூடாது. ஆனால் அதற்குமேல் விரும்பிச் செய்யும் வணக்கத்துக்கு முதலாளியின் சம்மதம் வேண்டும், அந்த நேரம் விற்கப்பட்ட நேரம். இதைச் சொன்னபோது தம்பியின் முகம் வாடியது. பிறகு மணியை இரவுக்கு மாற்றிக்கொண்டார்.

நியாயம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. வேலை செய்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னதும் இதே மார்க்கம்தான். சம்பளத்தை அடுத்த மாதத்துக்கு இழுத்துவிட்டுப் பள்ளியில் முன் வரிசையில் நிற்கிற முதலாளிமாரையும் பார்த்திருக்கிறேன்.

தொழுகைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது லேசு. மற்ற நேரத்தில் தராசடியில் நிற்பதுதான் எனக்குக் கஷ்டமான இடம். குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவில் குறைப்பவர்களைக் கண்டித்தே தொடங்குகிறது. தராசுக்கு அளவீட்டுத் திணைக்களம் ஆண்டுதோறும் முத்திரை குத்துகிறது. ஆனால் முத்திரை குத்திய தராசிலும் ஏமாற்றலாம். செத்தல் மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மொறுமொறுவென்று கிடப்பது, கார்த்திகை மார்கழியில் வாடை வீசத் தொடங்கியதும் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து வளையும். நிறையும் கூடும். மூட்டையை மூலையில் குளிரப் போட்டுவிட்டால் நூறு கிராமுக்கு நான்கைந்து மிளகாய் குறைவாகவே போகும். எந்த அதிகாரியும் பிடிக்கமுடியாது. நபியவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, அதை ஆட்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து வெயில் கண்டால் செத்தலை வெளியே பரப்புகிறேன். வெயில் இல்லாத கிழமைகளில் ஈரச் செத்தல் என்று சொல்லிவிட்டு ஒரு பிடி கூடப் போடுவேன்.

மிளகாயில் போகும் காசு சிறியது. பால்மாவில்தான் கை நடுங்கியது. 400 கிராம் பக்கெட் 2021 ஒக்டோபரில் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது, ஆண்டு முடிவில் 540, 2022 மார்ச்சில் 790. பக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அதனால் பலர் விற்காமல் ஒளித்தார்கள். சிலர் வேறு சாமானும் வாங்கினால்தான் பால்மா என்றார்கள். விலையேற்றத்துக்காகப் பதுக்குபவன் பாவி என்பது ஹதீஸ். ஆனால் நேர்மைக்கு அன்று விலை இருந்தது. 540க்கு மூன்று பக்கெட் விற்ற காசில் திரும்ப இரண்டுதான் எடுக்கலாம். பழைய விலைக்கே கொடுத்து முடித்தேன், முதல் சுருங்கியது. அதை நிரப்ப நெடுநாள் சென்றது. ஹலாலாக நடந்தால் உடனே பரக்கத், இறையருள், கொட்டும் என்று மேடையில் சொல்பவர்கள் அந்த மாதங்களில் ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' என்ற நூலில் சம்பாத்தியத்துக்கென்று ஒரு தனி நூற்பகுதியே எழுதினார். முன்னோர்களில் கொல்லர்கள் சம்மட்டியை ஓங்கிய நேரம் பாங்கு கேட்டால் அதை இறக்கி அடிக்கமாட்டார்கள் என்று அதில் சொல்கிறார். சந்தைக்கு முதல் ஆளாய்ப் போய்க் கடைசி ஆளாய்த் திரும்பும் பேராசையையும் கண்டிக்கிறார். இரவு பத்து மணிவரை பல கடைகள் திறந்திருக்கும் இந்தக் காலத்தில், முதல் அறிவுரையைப் பள்ளிகளில் கேட்கிறோம், இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் தொழுகிறாரா, பட்டை பூசியிருக்கிறாரா என்பதை வைத்து அவரை நம்பிவிடாதீர்கள். தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா, சாமான் போடுமுன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். என் கடையிலும் பாருங்கள், நான் கோபிக்கமாட்டேன்.