பீர்மேட்டில் பீர் தயாரிக்கலாமா? ஈஸ்ட் ஸ்டார்ட்டர் முதல் ஆப்ப மாவு வரை

பெயரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. இடுக்கி மாவட்டத்தின் பீர்மேட்டுக்கும் பீருக்கும் சம்பந்தமில்லை. பீர் முகமது என்ற சூஃபி ஞானியின் பெயரால் வந்த ஊர் இது என்கிறார்கள். ஆனால் பீரை நுரைக்க வைக்கும் அதே ஈஸ்ட், இந்த ஊர் சமையலறைகளிலும் வேலை செய்கிறது: ஆப்ப மாவில்.

ஸ்டார்ட்டர் என்றால் என்ன?

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் ஈஸ்ட்டை முதலில் கொஞ்சம் மால்ட் கரைசலில் ஓரிரு நாள் வளர்ப்பார்கள். நாற்றங்காலில் வளர்த்து வயலில் நடுவது மாதிரி. இங்கே நோக்கம் மது அல்ல, செல்களின் எண்ணிக்கை.

எத்தனை செல்கள் வேண்டும்?

சர்க்கரை அடர்த்தியை 'பிளேட்டோ' டிகிரியில் அளக்கிறார்கள். 'ஏல்' வகை பீருக்கு, ஒரு மில்லிலிட்டரில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7.5 லட்சம் செல்கள் என்பது பொதுவான கணக்கு.

12 டிகிரி கரைசல் 20 லிட்டர் என்றால்: 7.5 லட்சம் × 12 × 20,000 = 18,000 கோடி செல்கள்.

புதிய திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் பொதுவாக இருப்பது சுமார் 10,000 கோடி. நாளாக ஆக அதுவும் குறையும். செல்கள் போதாவிட்டால் நொதித்தல் தாமதமாகும், பாக்டீரியா முந்திக்கொள்ளும், சுவை கெடும்.

ஆரோக்கியமாக வளர்ப்பது எப்படி?

- ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் பவுடர். அடர்த்தி கூடினால் செல்கள் திணறும்.
- 10 முதல் 15 நிமிடம் கொதிக்க வைத்து, 20–25 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய பிறகே ஈஸ்ட் சேர்க்கணும்.
- மூடியை இறுக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறணும்.
- அவ்வப்போது குலுக்கணும். புதிய செல்களின் சவ்வு உருவாக ஆக்சிஜன் தேவை.

உலர் ஈஸ்ட் வாங்கினால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரே தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியம். லண்டனில் இருக்கும் உங்கள் நண்பர் இதைத் தாராளமாகச் செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க பிரிட்டனில் 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. பீர்மேட்டில் முடியாது. கேரள அப்காரி சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் 10 ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். தயாரிப்பதற்கான பொருட்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதும் குற்றம். "எனக்காகத்தான் செஞ்சேன்" என்ற வாதம் எடுபடாது. தமிழ்நாட்டிலும் வீட்டில் மது தயாரிக்க அனுமதியில்லை.

அப்போ ஆப்பம்?

அதற்குத் தடையில்லை. கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கள் கிடைக்கும். ஆப்ப மாவில் கொஞ்சம் கள் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தக் கள்ளே உயிருள்ள ஸ்டார்ட்டர்தான். குமுளி தாண்டி கம்பம் பக்கம் இறங்கினால் கதை வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் அங்கே புளிக்கவைத்த தேங்காய்த் தண்ணீரோ கடை ஈஸ்ட்டோதான் கைகொடுக்கும்.

ஸ்டார்ட்டரின் பாடம் இங்கேயும் பொருந்தும். இரண்டு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட் போதும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கரைத்துப் பாருங்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் நுரை வரலைன்னா ஈஸ்ட்டில் உயிர் இல்லை; அதை மாவில் சேர்க்காதீங்க. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் நல்ல ஈஸ்ட்டும் செத்துப்போகும். மலைக் குளிரில் மாவு பொங்காவிட்டால் ஈஸ்ட்டைக் கூட்டாதீங்க. நேரத்தைக் கூட்டுங்க.