ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை

செஸ்னா 172 விமானத்தின் இடது இறக்கையில், முன்விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளை இருக்கும். கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும் விமானி, சுத்தமான கைக்குட்டையை அதன்மேல் விரித்து, வாயை வைத்து உறிஞ்சுவார். உள்ளேயிருந்து ஆர்மோனிய ரீடு ஒன்று தனியாக முனகுவதுபோல் ஓசை வரும். வந்தால் எச்சரிக்கைக் குழல் சரியாக இருக்கிறது என்று அடுத்த சோதனைக்கு நகர்வார்.

இந்தக் குழலுக்கு மின்சாரம் வேண்டாம். இறக்கையின் மேல்பரப்பில் காற்று ஒட்டி வழிகிற வரைதான் விமானம் தாங்கும். மூக்கைத் தூக்கத் தூக்க, இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடும். ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டினால் மேல்பரப்புக் காற்று பிய்ந்து கலைந்து, தூக்குவிசை சட்டென்று சரிந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நேரலாம். அந்த நிலை நெருங்குகையில் துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. விமானியின் வாய் செய்த வேலையை இப்போது காற்றே செய்ய, ரீடு அலறுகிறது. ஸ்டாலாகும் வேகத்துக்கு 5 முதல் 10 நாட் மேலே இருக்கும்போதே சத்தம் கேட்டுவிடும். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு இந்த ஓசை கேட்டால், விமானி நிதானமாக இறக்குகிறார் என்று அர்த்தம்.

சொந்த விமானம் என்றதும் நமக்குக் கோடீஸ்வரர்களின் ஜெட்தான் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறப்பவர்களின் உலகம் வேறு. பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர், விவசாயி, ஓய்வுபெற்ற மெக்கானிக் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். அந்த நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத்தளங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை சுமார் 500 மட்டுமே. மற்ற இடங்களில் உத்தரவு தர ஆளில்லை. விமானிகள் பொதுவான ஓர் அலைவரிசையில், தாங்கள் எங்கே இருக்கிறோம், எந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, முறை பார்த்து இறங்குகிறார்கள். விமானத்தை இயக்குவதற்கு நேரடிப் பொறுப்பும் இறுதி அதிகாரமும் அதன் தலைமை விமானிக்கே என்று சட்டம் சொல்கிறது. வார இறுதியில் மனைவியை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் பறப்பவருக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். இந்தப் பொழுதுபோக்கின் அத்தனை சுகமும் அத்தனை சுமையும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955ல். இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. கூரைபோல மேலே அமைந்த இறக்கை, அதைத் தாங்கப் பக்கத்துக்கு ஒரு சாய்வுக் கம்பி, மூன்று சக்கரம், நான்கு இருக்கை. பெட்ரோல் தொட்டி இறக்கைக்குள்ளேயே இருப்பதால், கார்புரேட்டர் வைத்த மாடல்களில் எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வழிந்துவிடும், பம்ப் தேவையில்லை. ஏறக்குறைய 110 நாட், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

1970களின் பிற்பகுதி மாடல்களில் உள்ள லைகாமிங் எஞ்சினைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர், 5.2 லிட்டர். கார் எஞ்சினாக இருந்தால் இதைவிடப் பல மடங்கு சக்தி தரும் கொள்ளளவு இது. ஆனால் இதில் கிடைப்பது 160 குதிரைசக்தியே. காரணம், புரொப்பல்லர் கியர் எதுவும் இல்லாமல் நேராக எஞ்சின் தண்டில் மாட்டப்பட்டிருப்பது. 75 அங்குல விட்டமுள்ள புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றும்போது அதன் நுனி நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் போகிறது. இன்னும் வேகமாகச் சுற்றினால் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இரைச்சல் கூடும். இழுக்கும் திறன் குறையும். அதனால் எஞ்சினைப் பெரிதாகச் செய்து, மெதுவாக ஓட விட்டார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்குப் பொறி தர இரண்டு மேக்னெட்டோ. இவை எஞ்சின் சுழற்சியிலேயே தமக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்வதால், பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். ஓடுபாதைக்குள் நுழையும் முன் விமானி எஞ்சினைக் கொஞ்சம் விரட்டி, ஒரு மேக்னெட்டோவை அணைத்துப் பார்ப்பார், பிறகு இன்னொன்றை. சுற்று எண்ணிக்கை சற்றே குறைய வேண்டும். நிறையக் குறைந்தால் கோளாறு. கொஞ்சமும் குறையாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அணைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையவில்லை என்று ஆகிறது.

இன்று தனியார் கையில் இருக்கும் 172களில் பெரும்பாலானவற்றுக்கு நாற்பது, ஐம்பது வயது ஆகிவிட்டது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. விபத்து நடந்தால், எத்தனை பழைய விமானமாக இருந்தாலும், செய்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போடலாம் என்ற நிலை அமெரிக்காவில் இருந்தது. காப்பீட்டுச் செலவு தாங்காமல் செஸ்னா 1986ல் சிறு விமான உற்பத்தியையே நிறுத்தியது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானங்களுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று 1994ல் சட்டம் வந்த பிறகுதான் கான்சாஸ் மாநிலத்தில் புதுத் தொழிற்சாலை திறந்து மறுபடி செய்யத் தொடங்கினார்கள். புதிது வாங்க 4 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். ஆகவே சாதாரண மனிதர்கள் பழையதையே தேடுகிறார்கள்.

பழையதை வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து மயங்கக்கூடாது. பார்க்க வேண்டியது பதிவேடுகளை. உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பல்லருக்கு ஒன்று என்று விமானத்தோடு அவை வாழ்நாள் முழுதும் கூடவே வரும். எந்த ஆண்டு யார் எதைக் கழற்றினார், எதை மாற்றினார் என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கும். நடுவில் சில ஆண்டுகளுக்குப் பதிவே இல்லையென்றால் விலை இறங்கிவிடும். சட்டப்படி ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒருமுறை தகுதி பெற்ற மெக்கானிக் விமானத்தைத் திறந்துபோட்டு முழுதும் சோதிக்க வேண்டும். அதில் தேறாத விமானம் பறக்கக்கூடாது. ஏதாவது ஒரு பாகத்தில் ஆபத்தான குறை தெரியவந்தால், அரசு விமானத்துறை அந்த மாடலின் எல்லா உரிமையாளர்களுக்கும் கட்டாய ஆணை அனுப்பும். செஸ்னாவில் அப்படி வந்த புகழ்பெற்ற ஆணை, இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பற்றியது. அதில் தேய்மானம் இருந்தால், மேலேறும் நேரத்தில் பின்னோக்கிச் சாயும் விசையால் இருக்கை விமானியோடு சேர்ந்து பின்னால் வழுக்கிவிடும். கையிலிருக்கும் பிடியையும் அவர் கூடவே இழுத்துவிடுவார். உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 172ல் உட்காரும் எவரும் முதலில் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கி, பூட்டு விழுந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

எஞ்சின் எண்ணெயை மாற்றுவது போன்ற சில வேலைகளை உரிமையாளரே செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பலருக்கு இதுவே பறப்பதற்கு அடுத்த இன்பம். பழைய எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, அதன் தகர உறையை வெட்டித் திறந்து, உள்ளே கொசுவமாக மடித்திருக்கும் காகிதத்தை நீளமாக விரிப்பார்கள். நல்ல வெளிச்சத்தில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கருமை இருந்தால் அது கரி, கவலையில்லை. மினுமினுப்புத் தெரிந்தால் காந்தத்தை அருகே கொண்டுபோவார்கள். ஒட்டினால் இரும்பு: எங்கோ கேம் தண்டோ வேறெதுவோ தேய்கிறது. ஓட்டுபவர் காதுக்கு எட்டாத நோய் இந்தக் காகிதத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கேம் தண்டைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. லைகாமிங் எஞ்சின்களில் அது மேலே, கிராங்க் தண்டுக்கு மேற்புறம் இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் அதன்மேல் இருந்த எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். ஈரக்காற்று பட்டுத் துரு பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது துரு பிடித்த இடம் தேயத் தொடங்கும். இந்த எஞ்சின்களுக்கு 2,000 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கிறார்கள். செலவு பல பத்தாயிரம் டாலர். அடிக்கடி பறப்பவரின் எஞ்சின் அந்த எல்லையைச் சௌகரியமாக எட்டுகிறது. ஹேங்கரில் பூட்டிவைத்து அழகு பார்ப்பவருடையது பாதியிலேயே சாகலாம். தொடர்ந்து ஓடினால் எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. 1958 டிசம்பர் 4ஆம் தேதி ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் ஒரு செஸ்னா 172ல் லாஸ் வேகஸிலிருந்து கிளம்பினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரி 7ஆம் தேதி. 64 நாள், 22 மணி, 19 நிமிடம். நேரான பாலைவனச் சாலையில் ஓடும் லாரிக்கு மேலே தாழப் பறந்து, குழாய் வழியாகப் பெட்ரோலை ஏற்றிக்கொண்டார்கள். சாப்பாடும் அப்படியே வந்தது. 1,500 மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் நிற்கவே இல்லை. கடைசியில் உள்ளே கரி படிந்து சக்தி குறைந்ததால்தான் இறங்கினார்கள். அந்த விமானம் இன்று லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் தொங்குகிறது.

எனவே தனியாக வாங்க வசதியிருப்பவர்கள்கூட மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஹேங்கர் வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனை எல்லாம் பங்காகிவிடும். விமானமும் சும்மா நிற்காது. சம்பாதிக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக்கூடாது. தனியார் உரிமம் வைத்திருப்பவர் பயணிகளிடம் எரிபொருள் போன்ற செலவில் அவரவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். தன் பங்கைத் தான் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த உரிமத்துக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பறப்பு 40 மணி நேரம்; நடைமுறையில் பலருக்கு 60, 70 மணி நேரம் ஆகிவிடுகிறது. முதல்முறை பயிற்றுநர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியே அனுப்பும் நாளில், திரும்பி வந்ததும் அவர் சட்டையின் முதுகுப்பக்கத் துணியை வெட்டி, தேதி எழுதிச் சுவரில் மாட்டும் வழக்கம் அங்கே உண்டு. உரிமம் வாங்கிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்காதவர் யாரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு பறந்து காட்ட வேண்டும்.

ஏறி இறங்கும் திறமை கைக்கு வந்துவிடும். வானிலையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் கடினம். 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, பக்கத்தில் பயிற்றுநரை வைத்து, வெளிக்காட்சி தெரியாதபடி மறைத்துப் பறக்க விட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி. நம் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, மெதுவான திருப்பத்தைச் சீக்கிரமே நேர்ப்பாதை என்று எடுத்துக்கொள்கிறது. மேகத்துக்குள் விமானம் ஒருபக்கம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும், உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போவதாகவே தோன்றும். 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் விமானத்தில் மனைவியோடும் அவருடைய அக்காவோடும் கடலில் விழுந்து இறந்தது இப்படித்தான். அன்று மங்கலான மூட்டம், கடலும் வானமும் ஒன்றாகக் கருத்திருந்தன, திசையுணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை சொன்னது.

தெளிவான நாளிலும் வானிலை வேறு வழியில் வரும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் கடகடவென்று இறங்கும். வெளியே 20 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் உள்ளே பனி கட்டி எஞ்சினின் மூச்சை அடைக்கும். அதற்கென்றே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ் உண்டு. இழுத்ததும் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும், பனி உருகித் தண்ணீர் உள்ளே போவதால். பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடாமல் பொறுத்திருக்கப் பழக வேண்டும். எஞ்சின் நின்றேவிட்டாலும் 172 கல்லாக விழாது. ஓர் அடி இறங்க ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே மிதக்கும். 5,000 அடி உயரத்தில் இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வயலைத் தேடிக்கொள்ளலாம்.

ஆபத்தைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு விமானங்களில் ஏறக்குறைய 1 லட்சம் பறப்பு மணி நேரத்துக்கு ஓர் உயிர்ப்பலி விபத்து நடக்கிறது. பயணிகள் விமானத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. இவற்றில் பல, பெட்ரோல் தீர்ந்துபோவது, மேகத்துக்குள் நுழைவது போன்ற, தரையிலேயே தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் வருபவை. அளவுமானி நிறைய இருப்பதாகக் காட்டினாலும் ஏணி வைத்து ஏறி, இறக்கையிலுள்ள தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்க்கும் விமானியோடு பயமில்லாமல் போகலாம்.

அந்தப் பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிபோன்ற குவளையில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே குமிழாக நிற்கும். எரிபொருள் இளநீல நிறத்தில் இருக்க வேண்டும். 100 எல்எல் என்ற வகைக்கு அந்தச் சாயம். இதில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். கார் பெட்ரோலிலிருந்து எப்போதோ போய்விட்ட ஈயம், எஞ்சினுக்குள் முன்கூட்டியே வெடிப்பு நேராமல் தடுப்பதற்காக இங்கே தங்கிவிட்டது. விமானத்தளத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் நலம் கருதி, கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டம் 2022 தொடக்கத்தில் தன் தளங்களில் அதன் விற்பனையையே நிறுத்தியது. 2030க்குள் நாடு முழுவதும் ஈயமில்லாத எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று அரசும் விமானத்துறையும் இலக்கு வைத்திருக்கின்றன. மாற்று எரிபொருளுக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் அது தொட்டியின் பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் ஒத்துப்போகுமா என்று உரிமையாளர்களிடையே வாக்குவாதம் ஓயவில்லை. ஐம்பது வயது விமானத்தை வைத்திருப்பவரின் கவலை எனக்குப் புரிகிறது. என்றாலும் ஓடுபாதையின் மறுமுனையில் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர்களில், மாற்றத்தின் செலவைப் பறப்பவர்கள்தான் ஏற்க வேண்டும்.