டயருக்குத் தண்ணீர் அடைக்கும் முன்

உழவு தொடங்கும் முன் டிராக்டரின் பின்டயரைப் பார்க்கப் போனால் டயர் கடையில் ஒரே பேச்சுதான்: "தண்ணி அடைச்சிடுங்கண்ணே, நல்லா பிடிமானம் கிடைக்கும்." என்ன மண், என்ன கலப்பை, முன்பக்கம் எவ்வளவு எடை என்று கடைக்காரர் கேட்பதில்லை. வண்டிக்காரரும் சொல்வதில்லை. ஹோஸைச் செருகி அடைத்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். வண்டி கவிழ்ந்த பிறகு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தண்ணீர் அடைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. 13.6-28 அளவுள்ள பின்டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்குமாகக் கிட்டத்தட்ட 400 கிலோ கூடுகிறது. காய்ந்த நிலத்தில் கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ இழுக்கும்போது சக்கரம் சும்மா சுற்றினால் இந்த எடை உதவும். ரோட்டவேட்டருக்கு இவ்வளவு எடை பெரும்பாலும் வேண்டியதில்லை, அதன் கத்திகளே வண்டியை முன்னால் தள்ளுகின்றன. சேற்றுழவில் தண்ணீர் அடைத்த வண்டி புதைந்துபோகும். அங்கே வேண்டியது கேஜ் வீல்.

தேவையா என்பதை அரை மணி நேரத்தில் நீங்களே தெரிந்துகொள்ளலாம். பின்டயரின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வழக்கமாக உழும் ஆழத்தில் கலப்பையை இறக்கி, சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும் தூரத்துக்கு இரண்டு முளை அடியுங்கள். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். எட்டரையிலிருந்து ஒன்பது சுற்று வந்தால் வழுக்கல் 10 முதல் 15 சதவீதம். அது சரியான அளவு, எதையும் தொடாதீர்கள். எட்டுக்குக் கீழே வந்தால் எடை போதவில்லை. ஒன்பதரைக்கு மேல் போனால் ஏற்கெனவே எடை அதிகம். டீசல் வீணாகும், கிளட்சும் கியரும் தேயும், மண் இறுகும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. அது இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்கிறது என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். விற்ற டீலரிடம் போய், எவ்வளவு நீர்ப்பாரம் ஏற்றலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழி வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. இழுவைச் சோதனைக்கு எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்பது அந்த அறிக்கையில் இருக்கும். உங்கள் மாடலின் அறிக்கையைப் படித்துச் சொல்லும்படி வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளரிடம் கேளுங்கள். உங்கள் வருவாய்க் கோட்டத்திலேயே அவர் அலுவலகம் இருக்கும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். சக்கரம் வழுக்குவது ஒருவகையில் உங்களுக்குக் காவல். பின்னால் எடை கூடியதும் சக்கரம் வழுக்காது. அப்போது இன்ஜினின் விசை முன்பக்கத்தைத் தூக்கும். புதைந்த வண்டியை இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க்கில் மாட்டினால், ஓட்டுகிறவர் கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். சங்கிலியை இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க்கில் வேண்டாம், அச்சில் சுற்றவும் வேண்டாம். தண்ணீர் அடைத்த கையோடு கலப்பையைத் தூக்கி வைத்து, முன்சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் இரும்பு எடைக்கட்டி மாட்டுங்கள், அல்லது தண்ணீரைக் குறையுங்கள்.

முக்காலுக்கு மேல் நிரப்பாதீர்கள். வால்வை மேலே வைத்து அடைத்து, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், ரிம்மை அரித்துவிடும். பஞ்சர் ஆனால் தண்ணீரை வடித்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். 200 கிலோ தண்ணீரோடு உருளும் சக்கரத்தை இரண்டு பேர் பிடித்து நிறுத்த முடியாது. டயரை மாட்டி வைத்துக்கொண்டு ரிம்மில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் டயர் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோமே என்பார்கள், அப்போதும் வெடிக்கும்.

மட்கார்டில் ஆள் ஏற்றாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஏற்றாதீர்கள். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து வந்தவர் இறந்தால், அந்தக் காரணத்தைக் காட்டியே இன்சூரன்ஸ் நிறுவனம் கை விரிக்கும். இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

காகிதங்களில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய் என்று அதில் இருக்கிறதா? அது ஆர்சியில் பெயர் உள்ளவருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும் கிடைக்கும். ஆர்சி அப்பா பெயரில், ஓட்டுவது மகன் என்றால் மகனுக்கு அந்தக் காப்பு இல்லை. மற்ற ஓட்டுநர்களுக்கான காப்பைத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். புதுப்பிக்கும்போது ஏஜென்ட் இதைச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் அடைத்த கடையில் எத்தனை லிட்டர் என்று எழுதிய பில் வாங்குங்கள். அவர்கள் தவறால் டயரோ ரிம்மோ கெட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

விபத்து நடந்துவிட்டால் வண்டியை நகர்த்தும் முன் நாலாபக்கமும் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை நகல் வாங்குங்கள். "சின்ன விஷயம்தானே" என்று நிலையத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்தவர் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட உறுப்பினர் என்றால், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமும் மனு கொடுங்கள்.

வேறு வண்டி மோதியது என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முன்போலக் காலம் கடத்த முடியாது. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரியம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆறே மாதம்.

இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓர் ஆண்டுக்குள் எழுதுங்கள். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை.