முன்பல் போனால் எப்போது திருகு வைப்பது?

கோலா பிலா தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்று போனது. கழற்றி மாட்டும் பல்லோடு 6 ஆண்டுகள் ஓட்டினேன். பிறகுதான் இம்பிளாண்ட் எனும் டைட்டானியத் திருகு வைத்தேன். இன்றும் அந்தப் பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிகிறது.

மேல் முன்பற்களின் உதட்டுப்புற எலும்பு பெரும்பாலோருக்கு 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. வேரைச் சுற்றிய சவ்விலிருந்து வரும் இரத்தமே அதற்குப் பெரும் ஆதாரம். பல் போனதும் எலும்பு கரைகிறது. முதல் சில மாதங்களில்தான் அதிகம். ஈறும் கூடவே பின்வாங்குகிறது.

பிடுங்கிய அன்றே வைத்திருந்தால்? நானும் அப்படித்தான் கேட்டேன். திருகு வைத்தாலும் அந்த எலும்பு கரையத்தான் செய்யுமாம். முன்சுவர் உடையாமல், சீழ் இல்லாமல், ஈறு தடிப்பாக இருந்தால் அன்றே வைக்கலாம். இடைவெளியில் எலும்புத் தூள் நிரப்புவார்கள். மற்றவர்களுக்கு 4 முதல் 8 வாரம் பொறுத்து, ஈறு மூடியபின், எலும்புத் தூளோடு வைப்பதுண்டு. ஆகவே பல்லைப் பிடுங்குமுன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

வளரும் பிள்ளைகளின் கதை வேறு. டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதைச் சுவீடனின் பிரோனமார்க் கண்டறிந்தார். 1965இல் மனிதருக்கும் பொருத்தினார். அந்தப் பிடிப்பே இங்கு இடைஞ்சல். தாடை வளர மற்றப் பற்கள் கீழிறங்கும், திருகு நகராது. அந்தப் பல் குட்டையாகிவிடும்.

பந்தாட்டத்தில் பல்லை இழந்த என் அண்ணன் மகனுக்கு வயது 15. இப்போதே வைக்கச் சொல்கிறார் அண்ணி. பக்கத்துப் பல்லில் ஒட்டும் பாலம் போட்டிருக்கிறோம். "வளர்ந்து முடியணுமா, சித்தப்பா?" என்று கேட்கிறான். ஆமாம், முடியத்தான் வேண்டும்.