மேகம் சூழ்ந்தும் மழை பெய்யாததேன்?

ஆனி, ஆடி மாதங்களில் திருப்பூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் பகுதிகளில் வானம் மூடியிருப்பதும், காற்று பலமாய் வீசுவதும், மழை மட்டும் தூறலோடு நின்றுவிடுவதும் குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. மேற்கு மலைத் தொடரில், வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, திருப்பூர் ஜில்லாவிலோ சுமார் 600 மில்லிமீட்டரே கிடைக்கிறது. இதன் காரணத்தை அறிவது விதைப்புக்கு மிகவும் பயன்படும்.

காற்று மேலெழும்பும்போது அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவடைவதால் குளிர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி உஷ்ணம் குறையும். குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி மேகமாகி மழையாகும். கடற்காற்று மலைமீது ஏறுகையில் இவ்வாறே மேற்குச் சரிவில் ஈரத்தை இழக்கிறது. மலையைத் தாண்டி இறங்குகையில் அழுத்தம் கூடி மீண்டும் வெப்பமடைவதால் மேகங்கள் கலைகின்றன. ஆகையால் நமது பகுதி மழை மறைவுப் பிரதேசமாயிற்று.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ளது. அதன் வழியே வரும் காற்று உயர ஏற வேண்டியதில்லை. ஆதலின் வேகம் மிகுதி, மழை குறைவு. உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகள் பெருகியதும் இக்காற்றினாலேயே. காற்று வீசுவது மழைக்கு அறிகுறியன்று; காற்று மேலெழும்புவதே காரணம் என்பதை மனத்திற் கொள்க.

நமது நிலத்தில் காற்று மேலெழும்பும் காலங்கள் இரண்டு. சித்திரை, வைகாசியில் தரை சூடேறி, பிற்பகலில் இடிமழை உண்டாகும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் தாழ்வழுத்தங்களால் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி பெய்யும்.

ஆகவே மானாவாரி நிலம் வைத்திருப்போர் கோடை மழையிலேயே உழுது வைத்தல் நன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழியாயினும், இறவைப் பாசனமில்லாதவர் ஆடித் தூறலை நம்பி விதையை இழத்தலாகாது. உழவுசால் ஆழம் நனைந்த பின்னரே விதைக்க வேண்டும். ஆடிக்காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுமாதலால், வேலியில் கிளுவையும் காட்டில் வெள்வேலும் காத்தல் அவசியம். காங்கயத்தார் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து ஆடுமாடுகளைப் பேணிவருவது இக்காலநிலைக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடாகும்.

மலை தடுத்த மழையின் ஒரு பகுதியைப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் சுரங்கங்கள், கால்வாய்கள் மூலம் நம்மிடம் சேர்க்கிறது. எனினும் நிலத்தடி நீரை வயலும் பின்னலாடைத் தொழிலும் பங்கிட்டுக் கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே கிராம அதிகாரிகள் புரட்டாசிக்குள் குளங்களையும் தடுப்பணைகளையும் தூர்வாரச் செய்வார்களானால், ஐப்பசி மழை வீணாகாது கிணறுகளைச் சேரும்.