வாயில்லா உயிர்களும் நீரிழிவும்

நீரிழிவு மனிதரை மட்டுமே பற்றும் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நாய், பூனை முதலிய விலங்குகளையும் அந்நோய் பற்றுகிறது. மனிதன் தனக்குற்ற துன்பத்தை வாய்விட்டுச் சொல்லுவான். வாயில்லா உயிர்கள் என் செய்யும்? அவற்றின் உடற்குறிகளே அவற்றின் மொழி. அம்மொழியை அறிந்துகொள்ளுதல் அவற்றை வளர்ப்போர் கடமையாகும்.

உண்ட உணவு செரித்தபின், அதிலுள்ள மாவுப்பொருள் குளுக்கோசு என்னும் சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்கிறது. உடலின் அணுக்களுக்கு அதுவே எரிபொருள். ஆயினும் தசை, கொழுப்பு ஆகியவற்றின் அணுக்களுள் அது தானாக எளிதிற் புகாது. இரைப்பையை அடுத்துள்ள கணையம் என்னும் சுரப்பி, இன்சுலின் என்ற பொருளைச் சுரந்து இரத்தத்திற் சேர்க்கிறது. அவ்வின்சுலினே சர்க்கரைக்கு வழி திறந்து விடுகிறது. களஞ்சியம் நிறைய நெல் இருப்பினும், திறவுகோல் இல்லையெனில் வீட்டார் பசித்திருக்க வேண்டுவதே. நீரிழிவுற்ற உடலின் நிலையும் இத்தகையதே. இரத்தத்திற் சர்க்கரை மிகும். அணுக்களோ பட்டினி கிடக்கும்.

நாயின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 220 மில்லிகிராம் அளவைச் சர்க்கரை கடக்குமாயின், சிறுநீரகங்களால் அதனைத் தடுத்து நிறுத்த இயலாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்; இறங்கும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்லும். ஆதலின் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். இழந்த நீரை ஈடுசெய்ய ஓயாது நீர் பருகும். அணுக்களின் பசியால் மிகுதியாக உண்ணும். உண்டும் உடல் மெலியும். இந்நான்கும் நோயின் முதற் குறிகளாம்.

நோய் முற்றினால் கண்ணும் கெடும். மிகுந்த சர்க்கரை கண்ணின் வில்லையுட் புகுந்து வேறொரு பொருளாக மாறி, நீரை ஈர்க்கிறது. தெளிந்த வில்லை வெளுத்து மங்குகிறது. இக்கண்புரையால் நாய்கள் பல, நோய் தொடங்கிய சில மாதங்களிலேயே பார்வையை இழக்கின்றன. சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத உடல், தன் கொழுப்பைக் கரைத்து எரிக்கத் தலைப்படும். அதனாற் பிறக்கும் அமிலப் பொருள்கள் இரத்தத்திற் பெருகின், நாய் உணவை வெறுக்கும், வாந்தியெடுக்கும், சோர்ந்து வீழும். உடனே மருத்துவம் செய்யாவிடின் உயிர் நீங்கும்.

பூனைக்கு வரும் நீரிழிவு சற்று வேறானது. நாயின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபடுகின்றன. பூனையிலோ, பெரும்பாலும் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. மிகப் பருத்த பூனைகளை இந்நோய் எளிதிற் பற்றும். பூனைக்குக் கண்புரை தோன்றுதல் அரிது. ஆயின் நரம்புகள் கெடுவதுண்டு. விரல்களை ஊன்றி நடக்கும் இயல்புடைய பூனை, பின்கால்களின் குதிகாலும் தரையிற் படியுமாறு தளர்ந்து நடக்கும். தொடக்கத்திலேயே இன்சுலினும் தக்க உணவும் அளித்தால், சில பூனைகளுக்கு நோய் தணிந்து, ஊசி மருந்து வேண்டாத நிலையும் வாய்க்கும். நாய்க்கோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இன்சுலின் வேண்டும்.

கணையத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஐயமறக் காட்டியதும் நாயின் உடலே. 1889ஆம் ஆண்டில், அந்நாளில் செருமனியின் ஆட்சியிலிருந்த சிராசுபர்க்கு நகரில், மின்கோவுசுக்கி, மேரிங்கு என்னும் அறிஞர் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய் இடையறாது சிறுநீர் கழித்தது. அதனை ஆராய்ந்தபோது சர்க்கரை மிகுந்திருக்கக் கண்டனர். 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் தொரொன்றோ நகரில், பேண்டிங்கு, பெசுட்டு என்போர் நாய்களின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை, கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்குச் செலுத்தினர். இரத்தத்திற் சர்க்கரை தணிந்தது. மக்லியாடு அவ்வாய்வகத்தின் தலைவராயிருந்தார். காலிப்பு அச்சாற்றைத் தூய்மை செய்தார். 1922ஆம் ஆண்டு சனவரியில் சாவின் வாயிலில் நின்ற 14 வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தால் தேறினான். மறு ஆண்டே பேண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அன்று நாய்கள் உயிர் கொடுத்தமையாற் கிடைத்த மருந்தே இன்று நாய்களையும் காக்கிறது. பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றேயாதலின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் நாய்க்கு நன்கு பொருந்துகிறது. பெரும்பாலும் நாள்தோறும் இருமுறை ஊசி, குறித்த வேளையில் அளவான உணவு, ஒழுங்கான நடை ஆகியவை தவறாதிருப்பின், நீரிழிவுற்ற நாய் பல்லாண்டு வாழக்கூடும். மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரே வரையறுக்க வேண்டும். அளவு மிகுந்தால் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து, நாய் நடுங்கித் தள்ளாடும், வலிப்பும் உண்டாகலாம்.

மனித குலத்திற்கு இத்துணைப் பெரிய நன்மை செய்த உயிர், தண்ணீர்க் கிண்ணத்தை மீண்டும் மீண்டும் நாடி வருமாயின், அதனைக் கண்டும் காணாதிருத்தல் தகுமோ? அக்குறியை உணர்ந்து காலத்தில் மருத்துவரிடம் கொண்டு செல்லுதலே மனிதர் அதற்குச் செய்யத்தக்க கைம்மாறு.