கச்சேரியே இல்லை, இரண்டே பேர், ஐந்தே பாட்டு: டார்க்த்ரோனின் ‘எடர்னல் ஹெயில்ஸ்’ ஆல்பத்தில் என்ன ஸ்பெஷல்?

மெட்டல் இசைன்னாலே பிரமாண்ட மேடை, தலையை ஆட்டும் கூட்டம், காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இது எதுவுமே இல்லாமல் பல வருஷமா ஆல்பம் போடுறாங்க நார்வேயின் டார்க்த்ரோன் குழுவினர். 2021 ஜூனில் வெளியான அவர்களின் ‘எடர்னல் ஹெயில்ஸ்’, ஃபேன்டஸி வாசம் வீசும் ஒரு ரெட்ரோ முயற்சி.

யார் இவங்க?

ஆஸ்லோ அருகே உள்ள கோல்போட்ன் என்ற ஊரில் 1986-ல் தொடங்கிய குழு இது. 1993-லிருந்து இரண்டே பேர்தான். டிரம்ஸுக்கு ஃபென்ரிஸ், கிட்டாருக்கும் குரலுக்கும் நொக்டுர்னோ கல்டோ. ஸ்டூடியோவில் ஒவ்வொரு கருவியாகப் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்பதால் இரண்டு பேரே போதும். மேடையில் அது முடியாது. ஆனா, 90-களுக்குப் பிறகு இவங்க மேடை பக்கமே போகலையே! ஃபென்ரிஸ் தபால் துறையில் வேலை பார்த்தவர். டிக்கெட் வசூலை நம்பி இசையமைக்கத் தேவையில்லை என்பதுதான் இவர்களுடைய சுதந்திரத்தின் ரகசியம்.

ஆல்பத்தில் என்ன இருக்கு?

மொத்தம் சுமார் 42 நிமிடம், ஐந்தே பாடல்கள். சராசரியாக ஒரு பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல். பல்லவி, சரணம், திரும்பப் பல்லவி என்ற வழக்கமான வட்டம் இங்கே முக்கியமில்லை. ஒரு கிட்டார் மெட்டு நிதானமாக நகர்ந்து, வேகம் மாறி, வேறொரு மெட்டில் போய் நிற்கும். 1970-ல் பிளாக் சபாத் போட்ட பாதையில் வளர்ந்த ‘டூம் மெட்டல்’ பாணியின் தாக்கம் தெளிவாகவே தெரியுது.

அட்டையில் இருப்பது, 1950-களிலிருந்தே விண்வெளியை வரைந்துவந்த பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹார்டியின் ஓவியம். கடைசிப் பாடலின் தலைப்பில் வரும் தொலைந்துபோன ‘உப்பாக்ரா’ நகரம் முழுக்கக் கற்பனை இல்லை. தெற்கு ஸ்வீடனில், லுண்ட் நகருக்கு அருகே தோண்டி எடுக்கப்பட்ட இரும்புக்கால ஊர் அது. வழிபாட்டுக் கட்டடம் ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. நிஜமான மண்ணிலிருந்து கற்பனைக்குத் தாவுவதுதான் இந்த ஆல்பத்தின் அழகு.

பழைய சர்ச்சையை மறக்கலாமா?

மறக்க முடியாது. 1994-ல் வெளியான இவர்களின் ஓர் ஆல்பத்தின் பின்னட்டையில், ‘ஆரிய’ என்ற அடைமொழியோடு தங்கள் இசையைக் குறிப்பிட்டிருந்தார்கள். இனவெறி என்று எதிர்ப்பு கிளம்பியது. பிந்தைய பதிப்புகளில் அந்த வாசகம் நீக்கப்பட்டது. ஃபென்ரிஸும் அந்தப் போக்கிலிருந்து விலகிக்கொண்டார். ‘நல்ல இசைதானே’ என்று இதைக் கண்டுக்காம விடுறதும் சரியில்லை, இதற்காகப் பிறகு வந்த எல்லாவற்றையும் தள்ளிவைக்கணும்னும் அவசியமில்லை. தெரிந்துகொண்டு கேட்பதே நேர்மை.

எப்படிக் கேட்கலாம்?

ரீல்ஸுக்குப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கஷ்டம்தான். கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்க. ஹெட்போன் மாட்டி, போனைக் கவிழ்த்து வச்சிட்டு, ஒரே மூச்சில் கேளுங்க. பாதியில் நிறுத்தினால் அந்த நகரத்துக்குப் போய்ச் சேர முடியாது!